வலது இருக்கையில் இருப்பவர் சொல்ல வேண்டும்

திருவண்ணாமலை,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

என் பேரன்புக்கும் நன்மதிப்பிற்கும் உரிய மகன் சேகருக்கு, உன் தாய் வாழ்த்துகளோடு வரைந்துகொள்ளும் மடல்.

உன் கடிதம் என் கைக்கு வந்து இன்றோடு பத்தொன்பது நாள்கள் ஆகின்றன. கிடைத்த அன்றே மறுமொழி எழுதுவதுதான் முறை. அந்த முறையை உனக்குக் கற்பித்தவளே அதை மீறியதற்காக முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். முதல் நான்கு நாள்கள் நான் சினத்தில் இருந்தேன். சினத்தில் எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்து அடுப்பில் இட்டேன். அவற்றில் சொல்வளம் சிறப்பாக அமைந்திருந்ததால் கிழிக்கும்போது சற்று வருத்தமாகவும் இருந்தது. எஞ்சிய பதினைந்து நாள்களும் என் கைகளில் ஓயாமல் கிரீஸ் அப்பியிருந்தது. காகிதத்தைத் தொட இயலவில்லை. அது ஏன் என்பதையே இக்கடிதத்தில் விவரிக்கப் போகிறேன். பெங்களூரில் அலுவலக மேசையில் வைத்து அவசரமாகப் படித்துவிடாதே. அறைக்குச் சென்று, கால் கழுவி, அமர்ந்து படி. நல்ல செய்தி இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடக் கை துடிக்கிறது. ஆயினும் எதையும் வரிசையாகச் சொல்வதே என் வழக்கம் என்பதை நீ அறிவாய்.

நீ எழுதியிருந்தது இதுதான். ஆவணியில் நடைபெறவிருக்கும் உன் திருமணத்தின் முதல் நாள் மாலை, பெண் அழைப்புக்கு நம்முடைய சிவப்பு வண்டியைத் தர வேண்டும். மணமகள் கோமதி அதில் அமர்ந்து, பிள்ளையார் கோயிலிலிருந்து தேரடித் தெரு வழியாக மேளதாளத்துடன் மண்டபத்துக்கு வந்து சேர வேண்டும். அதுவரை படித்தபோது என் உள்ளம் துள்ளியது. அதற்கடுத்த வரியில், "வண்டியைக் கன்னியப்பன் அண்ணன் ஓட்டட்டும் அம்மா. பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ தெரியவில்லை. நீங்கள் மண்டபத்திலேயே இருந்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தாய். காரணத்தை நீ எழுதவில்லை. எழுதாமல் விட்ட நாகரிகத்துக்கு நன்றி. ஆனாலும் நாம் இருவரும் அதை அறிவோம். கணவனை இழந்தவள் மங்கல ஊர்வலத்தின் முன்னே வரக்கூடாது என்பது இவ்வூர் வழக்கம். மணமகளை அழைத்து வரும் வண்டியின் ஸ்டியரிங்கை அவள் பிடிப்பது வழக்கத்தில் இல்லாத ஒன்று. ஏனெனில் அப்படி ஒரு நிலைமை இவ்வூரில் எவருக்கும் இதற்குமுன் வாய்த்ததில்லை.

உன் தந்தை காலமானபோது நீ நான்காம் வகுப்பில் இருந்தாய். அவர் விட்டுச் சென்றவை ஒரு பழைய அம்பாசடர் டாக்சி, ஆசிரமத்துக்கு எதிரில் அதை நிறுத்துவதற்கு ஓர் இடம், நீ. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த என் அண்ணன்மார் வண்டியை விற்றுவிட்டு நிலக்கடலைக் காட்டுக்கே திரும்பி வருமாறு அழைத்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். இருந்தும் வண்டியில் கிடந்த சாலை விதிப் புத்தகத்தை எடுத்து மூன்று முறை முழுமையாகப் படித்தேன். விடியற்காலைகளில் செங்கம் சாலையில் கன்னியப்பனைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஓட்டிப் பழகினேன். அன்று அவன் நம் டாக்சி நிறுத்தத்தில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த இளைஞன். பக்கத்தில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டு அண்ணாமலையாரைக் கூப்பிடுவதைத் தவிர வேறொன்றும் செய்யமாட்டான். உரிமம் பெறச் சென்றபோது ஆய்வாளர் என்னை மேலும் கீழும் பார்த்து, "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாமா?" என்றார். "இருக்காருங்க. நாலாங்கிளாஸ் படிக்கறாரு" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிரித்த பின் ஒருவரால் உரிமத்தை மறுக்க முடியாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். பத்து ஆண்டுகளில் ஒரு டாக்சி மூன்றாயிற்று. நீ கிண்டி வரை சென்று பொறியியல் படித்தாய். இதைப் பெருமைக்காகவே எழுதுகிறேன். பெருமைப்படத் தக்கதை அடக்கத்தோடு மறைப்பது ஒருவகைப் பொய் என்பது என் கொள்கை.

பிறகு மார்த்தா அம்மையார் வந்தார். ஜெர்மனி தேசத்துப் பெண்மணி. தனியாளாக, கப்பலில் பம்பாய் வரை வண்டியைக் கொண்டுவந்து, அங்கிருந்து இவ்வூர் வரை தாமே ஓட்டி வந்தவர். ஆசிரமத்துக்கு அருகில் வாடகை வீடு எடுத்து, இனி இங்கேயே என்று முடிவு செய்து, வண்டிக்குச் சுங்க வரியும் கட்டிப் பதிவும் செய்துவிட்டார். அந்த வண்டியை நான் முதன்முதலில் கண்ட காலைப் பொழுதை இன்றும் படம்போல் சொல்வேன். இத்தாலியில் செய்தது. எண்பத்தொன்றாம் ஆண்டு வார்ப்பு. இரண்டே இருக்கைகள். மடித்துப் பின்னால் தள்ளிவிடக்கூடிய துணிக்கூரை. இடுப்பளவு உயரம். நம் அம்பாசடர் பக்கத்தில் நின்றால், எருமையின் அருகே மான் படுத்திருப்பதுபோல் இருக்கும். முன்விளக்குகள் தகட்டுக்குள் மூடிக் கிடக்கும். பொத்தானை அழுத்தினால் இரண்டும் மெல்ல எழுந்து பார்க்கும். "கண்ணு முழிக்குதுடா!" என்று தெருவே கூடும். எல்லா வண்டிக்கும் நான்கு கியர் இருந்த காலத்தில் அதற்கு ஐந்து. ஐந்தாவது கியர் எதற்கு என்று நான் கேட்டேன். மார்த்தா அம்மையார் என்னை ஏற்றிக்கொண்டு செங்கம் சாலையில், புளிய மரங்கள் முடிந்து நேராகும் இடத்தில் அந்தக் கியரைப் போட்டுக் காட்டினார். மகனே, எஞ்சினின் ஓசை தாழ்ந்தது, வேகம் ஏறியது. பாடகர் மூச்சை மாற்றிக்கொண்டு அடுத்த சங்கதிக்குப் போவதைப்போல் இருந்தது. எனக்கு அப்போது நாற்பது வயது. நான் வாய்விட்டுக் கூவினேன் என்று பிற்பாடு அம்மையார் சொன்னார். எனக்கு அது நினைவில்லை.

ஓராண்டு கழித்து அம்மையாருக்குக் கண்புரை முற்றியது. வேலூர் மருத்துவமனைக்கு நம் டாக்சியில்தான் செல்வார். ஒருநாள் திரும்பும் வழியில், போளூர் தாண்டியதும், அவரே அந்த யோசனையைச் சொன்னார். எனக்கு இனி வேண்டியது ஓட்டுநரோடு கூடிய விசாலமான வண்டி, உனக்கு வேண்டியது எது என்பது எனக்குத் தெரியும், மாற்றிக்கொள்வோம் என்றார். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. உன் தந்தையின் அம்பாசடரையும், அதை ஓட்ட, அதற்குள் ஓட்டுநராகிவிட்ட கன்னியப்பனையும் கொடுத்தேன். சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டேன். ஊர் கைகொட்டியது. "பத்து பேரு அடச்சிக்கினு போற வண்டியக் குடுத்துட்டு, ரெண்டே பேரு போறத வாங்கியாந்துகீதே இந்தம்மா!" என்று டாக்சி நிறுத்தத்தில் சொன்னார்கள். நான் சாவியைக் காட்டி, "ரெண்டு பேருக்கு மேல எங்க வீட்ல யாரும் இல்லீங்களே" என்றேன்.

அந்த இரண்டாவது ஆள் நீ. விடுமுறைக்கு நீ வந்த நாள்களை நினைத்துப் பார். அந்நிய நாட்டு வண்டியாதலால் ஸ்டியரிங் இடப்பக்கம். நம் சாலையிலோ இடது ஓரமாகத்தான் செல்ல வேண்டும். முன்னால் ஒரு லாரி சென்றால், இடப்பக்கம் அமர்ந்து ஓட்டுபவளுக்கு அதன் பின்பலகையைத் தவிர வேறெதுவும் தெரியாது. எதிரில் வண்டி வருகிறதா, முந்தலாமா என்பதை வலது இருக்கையில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீ சொன்னாய். கழுத்தை நீட்டி, "இருங்கம்மா... இருங்க... பஸ் வருது... இருங்க... போலாம்!" என்பாய். 'போலாம்' என்ற சொல் உன் வாயிலிருந்து விழுந்த கணமே நான் கியரைத் தட்டி அழுத்துவேன். என் கண்ணால் காணாத சாலைக்குள், உன் ஒரு சொல்லை மட்டும் நம்பி, எண்பதில், தொண்ணூறில் பாய்ந்திருக்கிறேன். ஒருமுறையேனும் நான் தயங்கியதுண்டா? ஒருமுறையேனும் உன் சொல் தவறியதுண்டா? வலப்பக்கம் ஸ்டியரிங் இருக்கும் என்று எண்ணிக் காவலர் உன் பக்கமாக வந்து உரிமம் கேட்பார். நீ வெறுங்கையை விரித்துக் காட்டுவாய். எத்தனை சிரித்திருக்கிறோம்.

இனி என் பிழைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, படித்தவள் என்ற செருக்கினால் விளைந்தது. வண்டியோடு ஆங்கிலக் கையேடு ஒன்று வந்தது. அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வரி வரியாக, எட்டு மாதம் அதைப் படித்தேன். என் ஆங்கிலம் முழுவதும் அந்தக் கையேட்டில் கற்றதுதான். ஆகையால் இன்றும் எனக்கு 'நலமா' என்று கேட்கத் தெரியாது, 'எண்ணெய் அளவைச் சரிபார்க்கவும்' என்று சொல்லத் தெரியும். முழுவதும் படித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையன்று. ஹீட்டரைப் பற்றிய அத்தியாயத்தை விட்டுவிட்டேன். குளிர் தேசத்தார் வண்டிக்குள் கதகதப்பாக அமர்வதற்கான கருவி அது; நமக்கு எதற்கு என்று பக்கங்களைப் புரட்டிவிட்டேன். மெக்கானிக் தாவூத் பாய் என்னைவிட ஒருபடி மேலே போனார். "இன்னாமா இது, நம்ம ஊர்ல ஹீட்டரா? ஊரே ஹீட்டர்தானே! கழட்டிடறேன். ஒரு பைப்பு கம்மி, ஒரு தலவலி கம்மி" என்று அதைக் கழற்றி, குழாயை அடைத்து, கடைப் பரணில் போட்டுவிட்டார்.

அடுத்த ஆண்டு, ஊரில் பெரிய நெல் மண்டி வைத்திருந்தவர் தம் மகனின் மாப்பிள்ளை அழைப்புக்கு நம் வண்டியைக் கேட்டு வந்தார். திறந்த வண்டி ஊரிலேயே நம்முடையது ஒன்றுதான். மிக மரியாதையாகத்தான் கேட்டார். "வண்டி மட்டும் அனுப்புங்கம்மா. ஓட்றதுக்கு உங்க கன்னியப்பனே வரட்டும்" என்றார். 'மட்டும்' என்ற சொல்லை அவர் மெதுவாகச் சொன்னார். எனக்கு விளங்கியது. சரி என்றேன். ஆயினும் அஞ்சினேன். காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுவதற்காகச் செய்த வண்டி அது. ஊர்வலத்திலோ நாகஸ்வரக்காரர் பத்தடி நடந்தால் பத்து நிமிடம் நின்று வாசிப்பார். காற்றுப் படாத ரேடியேட்டர் கொதிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நான் என்ன செய்தேன்? மங்கிய நிறப் புடவை ஒன்றை உடுத்திக்கொண்டு, ஊர்வலத்தின் கடைசியில், பெட்ரோமாக்ஸ் தூக்கி வந்த பெண்களுக்கும் பின்னால், கையில் தண்ணீர் கேனோடு நடந்தேன். என் சொந்த வண்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல். நீயும் அன்று ஊரில் இருந்தாய். கேனை வாங்க வந்தாய். "நீ முன்னாடி போ" என்று உன்னை அனுப்பிவிட்டேன்.

தேரடித் தெரு முனையில் அது நேர்ந்தது. பேனட்டின் இடுக்கிலிருந்து ஆவி சீறியது, எஞ்சின் இருமி நின்றது, மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டிக் குதித்தார், மேளம் நின்றது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேனோடு முன்னே ஓடினேன். அப்போது மாப்பிள்ளையின் சித்தப்பா எல்லார் காதிலும் விழும்படி, "பின்னாடி இருக்க வேண்டியவங்க முன்னாடி வந்தா வண்டி மட்டுமா நிக்கும்?" என்றார். வண்டி நின்ற பிறகுதான் நான் முன்னே வந்தேன் என்ற கால வரிசையை அவருக்கு எடுத்துரைத்திருக்கலாம். மாறாக, மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தேன், தண்ணீர் ஊற்றினேன், பின்னால் சென்று நின்றேன். வீட்டுக்கு வந்து நீ சொன்னது ஒரே வாக்கியம்: "இனிமே யாருக்கும் வண்டியக் குடுக்காதீங்கம்மா." நான் கொடுக்கவில்லை. ஐந்து ஆண்டுகளாக நம் வண்டி எந்தத் திருமணத்துக்கும் செல்லவில்லை.

உன் கடிதம் வந்த ஐந்தாம் நாள்தான், சினம் ஆறிய பின், எனக்கு ஒன்று உறைத்தது. 'நீங்கள் மண்டபத்திலேயே இருந்துவிடுங்கள்' என்று எழுத உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்? மண்டிக்காரர் அல்லர், அந்தச் சித்தப்பாவும் அல்லர். அவர்கள் பேச்சு உனக்குப் பிடிக்காது. நீ கற்றது என்னிடம். உரிமத்துக்காக ஆய்வாளரையே மடக்கிய உன் தாய், தன் வண்டிக்குப் பின்னால் கேனைத் தூக்கிக்கொண்டு, தானாகவே, யாரும் சொல்லாமலே ஒளிந்து நடந்ததை நீ இரண்டு கண்ணாலும் பார்த்தாய். அம்மாவின் இடம் அதுதான் போலும், அங்கிருந்தால்தான் அம்மாவுக்கு அவமானம் நேராது என்று முடிவு செய்துகொண்டாய். உன் வரி என்னை ஒதுக்க எழுதிய வரி அன்று, காக்க எழுதிய வரி. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு நாள்கள் ஆயின. என் இரண்டாவது பிழை அதுதான் மகனே. அந்தப் பாடத்தை உனக்கு நடத்தியது நான். ஆகவே அதைத் திருத்த வேண்டியவளும் நானே.

அன்று மாலையே கையேட்டை எடுத்தேன். விட்டுவிட்ட அந்த அத்தியாயத்தைத் திறந்தேன். அகராதியோடு உட்கார்ந்து ஆறாவது பத்தியை எட்டியபோது எழுந்து நின்றுவிட்டேன்! எஞ்சின் அளவுமீறிச் சூடேறினால் ஹீட்டரை முழுமையாகத் திறந்துவிட வேண்டுமாம். எஞ்சினில் உள்ள வெப்பத்தை அது இழுத்து, வண்டிக்குள் அமர்ந்திருப்பவர் காலடியில் ஊதித் தள்ளிவிடுமாம். இரண்டாவது ரேடியேட்டர் ஒன்று நம் வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது! அதைத்தான் வெயில் ஊர் என்ற காரணத்தால் கழற்றிப் பரணில் போட்டோம். புத்தகத்தை இடுக்கிக்கொண்டு தாவூத் பாயின் கடைக்கு ஓடினேன். அவர் நான் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். "யா அல்லா, மருந்தத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு நோயாளிக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தோமே!" அது பரணிலேயே, எலி கூடு கட்டிய நிலையில், கிடைத்தது. சுத்தம் செய்தோம். புதுக் குழாய் போட்டோம். இரண்டு வால்வு பொருந்தவில்லை, ஒன்று ஒழுகியது. இவ்வாறாகப் பத்து நாள்கள். கிரீஸின் காரணம் இப்போது உனக்கு விளங்கியிருக்கும்.

வேலை முடிந்த மறுநாள் காலை, முன்னறிவிப்பு ஏதுமின்றி, ஆரணி பேருந்தில் கோமதி வந்து இறங்கினாள். மண்டபத்தைப் பார்க்க வேண்டும் என்று தன் அத்தை ராஜாமணி அம்மாளையும் அழைத்து வந்திருந்தாள். தாயில்லாத கோமதியை வளர்த்த அத்தை அவர் என்பதும், அவரும் என்னைப்போல் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர் என்பதும் உனக்குத் தெரிந்ததே. நான் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் கிடந்தேன். சம்பந்தி முறையில் வரவேற்க வேண்டியவள், கால்களை மட்டும் காட்டி வரவேற்றேன். வெளியே வந்து, இன்று வண்டியைச் சோதிக்கப் போகிறேன், கிரிவலப் பாதை முழுவதும் ஊர்வல வேகத்தில் ஓட்டப் போகிறேன் என்றேன். கோமதியின் கண்கள் விரிந்தன. ஆனால் அவள், "அத்தை, நீங்க ஏறுங்க மொதல்ல" என்றாள். ராஜாமணி அம்மாளுக்குக் கால் வாதம். மலை சுற்ற வேண்டும் என்று பல ஆண்டுகளாக ஆசைப்பட்டும் நடக்க இயலாதவர். அவர் வலது இருக்கையில் ஏறினார். வலம் வரும்போது மலை நம் வலப்பக்கம்தானே? அவருக்கும் அண்ணாமலைக்கும் இடையில் ஒரு கண்ணாடிகூட மறைப்பாக இல்லை. கோமதி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியோடு நடந்து வந்தாள். பாய் மிதிவண்டியில் வந்தார்.

பதினான்கு கிலோமீட்டர், மகனே! முதல் கியரில்! வழியிலுள்ள எட்டு லிங்கக் கோயில்களின் முன்னும், நாகஸ்வரக்காரர் நின்று வாசிப்பதாக எண்ணிக்கொண்டு, எஞ்சினை அணைக்காமல் பத்துப் பத்து நிமிடம் நிறுத்தினேன். கிளட்ச் மிதித்த கால் மரத்துவிட்டது. வெப்பம் காட்டும் முள்ளை விட்டு என் பார்வை அகலவில்லை. பாயின் மிதிவண்டி அந்த வேகத்துக்குச் சரிந்து சரிந்து விழப் பார்த்தது. "கொஞ்சம் ஜாஸ்தி ஓட்டுங்கம்மா, எனக்கு பேலன்ஸ் நிக்கல!" என்று கத்தினார். ராஜாமணி அம்மாளோ காலடியில் வீசிய அனலில் கண்ணை மூடிக்கொண்டு, "யம்மா, இன்னா சொகமாகீது! யாரோ ஒத்தடம் குடுக்கறாப்ல இருக்குது" என்றார். அடி அண்ணாமலை அருகே கோமதி, "அத்தை, கொஞ்ச நேரம் எறங்குங்க, நா ஒக்கார்றேன்" என்று கெஞ்சினாள். "நீ ஆவணியில ஒக்காருவே. இன்னிக்கி என்னுது" என்றார் அவர். முள் நடுக்கோட்டில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. காஞ்சி சாலைக்குள் திரும்பியபோது நான் இரண்டு விளக்குகளையும் எழுப்பி, பட்டப்பகலில், ஆரனை அழுத்திக்கொண்டே ஊருக்குள் வந்தேன்.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் ராஜாமணி அம்மாள் அந்தச் சொல்லைச் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். "பெண் அழைப்பு அன்னிக்கி நா சமையக்கட்டுல இருப்பேன். இந்த ஆரன் சத்தம் கேட்டா எங்க பொண்ணு வந்துட்டானு தெரிஞ்சிக்குவேன்." வளர்த்த பெண்ணின் வருகையை ஓசையால் அறிந்துகொள்வாராம். அன்று தண்ணீர் கேனோடு நடந்த என்னையே எதிரில் பார்த்தேன். கோமதி அத்தையைக் கைபிடித்து இறக்கிவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கதானே ஓட்டுவீங்க?" என்றாள். உன் கடிதத்தை நான் காட்டவில்லை. "சேகர் கிட்ட கேக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். "கால்ல சூடு அடிக்குமே கண்ணு" என்று நான் பேச்சை மாற்றியபோது, "நல்லதுதானே. மருதாணி நல்லா செவக்கும்" என்றாள். நல்ல பெண்ணைத் தேடிக்கொண்டாய்.

பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று எழுதியிருந்தாய். பெண் வீட்டில் இருவர் நினைப்பதை எழுதிவிட்டேன். கோமதியின் தந்தை நினைப்பதை நான் அறியேன். நேரில் கேட்க இந்த ஞாயிறன்று ஆரணிக்குச் செல்கிறேன், இதே வண்டியில். கன்னியப்பனிடமும் பேசினேன். "எனக்கு வேணாம்மா. அந்த வண்டி என்னக் கண்டாலே கொதிக்குது. நா கேன் தூக்கிக்கினு பின்னாடி வரேன்" என்கிறான். ஆக, என் முடிவு இது. நீ விரும்பினால், நான் ஓட்டுவேன். என் வலப்பக்கம் கோமதி இருப்பாள். ராஜாமணி அம்மாள் நடக்க முடிந்த கடைசி ஐம்பது அடிக்கு, முதல் சீர்த்தட்டைக் கையில் ஏந்தி வண்டிக்கு முன்னால் வருவார். நீ விரும்பாவிட்டால், வாடகைக்கு ஒரு நல்ல அம்பாசடர் பிடித்து, பூ அலங்காரம் செய்து அனுப்புவேன்; நான் மண்டபத்தில் இருப்பேன்; முகம் சுளிக்க மாட்டேன்; அதற்கு என் வாக்கைத் தருகிறேன். வண்டி மட்டும் வரும், நான் வர மாட்டேன் என்ற மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அதை நான் ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டேன்.

எந்த வழியாயினும், திருமணத்துக்கு மறுநாள் காலை சாவி உன்னுடையது. எத்தனையோ முறை கேட்டும் உனக்கு நான் அதைத் தந்ததில்லை; அது என் மூன்றாவது பிழை, கஞ்சத்தனம் என்று வைத்துக்கொள். கோமதியை அழைத்துக்கொண்டு செங்கம் தாண்டிப் போய் வா. இடப்பக்கம் நீ அமர்வாய், வலப்பக்கம் அவள். முன்னால் லாரி வரும். உன் கண்ணுக்கு அதன் பின்பலகை மட்டுமே தெரியும். அப்போது ஆண்பிள்ளை என்ற எண்ணத்தில் எட்டி எட்டிப் பார்த்துச் சாலை நடுவே போய்விடாதே. அவளைக் கேள். 'இருங்க' என்றால் எரிச்சல்படாமல் இரு. 'போலாம்' என்றால் பாதியில் தயங்காதே. பாதித் தயக்கம்தான் ஆளைக் கொல்லும். நான் உனக்குச் சொல்லக்கூடிய இல்லற அறிவுரை இவ்வளவே. பிற அறிவுரைகளை உறவினர்கள் மண்டபத்தில் இலவசமாக வழங்குவார்கள்.

இப்போது என் முன்னால் ஒரு பெரிய லாரி நிற்கிறது மகனே. அப்பால் என்ன வருகிறது என்பது என் இருக்கையிலிருந்து தெரியவில்லை. நீ அமர்ந்த இடத்திலிருந்து பார்த்து, முன்பு சொன்னதைப்போலவே, இரண்டில் ஒரு சொல்லை எழுது: 'போலாம்' அல்லது 'இருங்கம்மா'. எதைச் சொன்னாலும் நம்புவேன். மேளக்காரருக்கும் பூக்காரருக்கும் அடுத்த வெள்ளிக்குள் சொல்லியாக வேண்டும்.

உடனே பதில் எழுதவும்.

இங்ஙனம்,
உன் அம்மா.